பொதியும் பொறுப்பும்



கேகாலை மாவட்டத்தின் தென்பகுதியில், சீதாவக்கை கங்கையின் பள்ளத்தாக்கில், தேயிலையும் றப்பரும் சூழ அமைந்திருப்பது தெரணியகலை. இவ்வூரைச் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து குவைத், சவூதி அரேபியா, கட்டார் முதலிய நாடுகளுக்கு வேலை தேடிச் சென்றோர் பலர். அவர்கள் ஊர் திரும்பும் காலம் நெருங்கியதும், அவர்களுக்கு முன்னரே அவர்களுடைய பெட்டி கப்பலேறிவிடுகிறது. தாய்க்குக் கம்பளி, தங்கைக்குத் தையற்பொறி, பிள்ளைக்குப் பாடசாலைப் பை என்று இரண்டாண்டு உழைப்பின் ஒரு பகுதி அந்தப் பெட்டிக்குள் அடங்கியிருக்கிறது. லயத்து வாசலில் அதனை எதிர்பார்த்து ஒரு குடும்பமே காத்திருக்கிறது.

அப்பெட்டி வந்து சேராவிட்டால், அல்லது உடைந்து நனைந்து வந்தால், நட்டத்தை யார் ஈடு செய்வார்? "ஏற்றிக்கொண்டு போனவன் கொடுக்கத்தானே வேண்டும்" என்று நம்மவர் எளிதாகக் கூறிவிடுகின்றனர். அந்த நம்பிக்கை பாதியளவே சரியானது. பொருளை ஏற்றிச் செல்வோரின் பொறுப்புக்குச் சட்டம் ஓர் எல்லை வகுத்திருக்கிறது. அந்த எல்லைக்கு அப்பாற்பட்ட நட்டத்துக்கு உரிய பாதுகாப்பே காப்புறுதி. அந்தக் காப்புறுதியின் பயனைப் பெறுவதற்கான ஆயத்தமோ, பெட்டியைக் கட்டும் நாளிலேயே தொடங்கவேண்டும். இதுவே இன்றைய உரையின் பொருள்.

வழிப்பயணத்தின் ஆபத்துக்கு ஒரு விலை உண்டு என்பதை நம் முன்னோர் நன்கறிந்திருந்தனர். காட்டு வழியே செல்லும் வணிகரிடம் மாதமொன்றுக்கு நூற்றுக்குப் பத்தும், கடல் வழியே செல்வோரிடம் நூற்றுக்கு இருபதும் வட்டி பெறலாம் என்று கௌடிலியரின் அர்த்தசாத்திரம் விதிக்கிறது. ஆபத்துப் பெருகப் பெருகக் கட்டணமும் பெருகும் என்ற இன்றைய காப்புறுதிக் கணக்கின் கரு அதிலேயே காணப்படுகிறது. பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் இலண்டன் நகரில் எட்வேட் லொயிட் என்பவர் நடத்திய கோப்பிக் கடையில் கப்பல் உரிமையாளரும் வணிகரும் கூடினர். ஒருவருடைய கப்பலின் ஆபத்தைப் பலர் பங்கிட்டு ஏற்றுக் கையொப்பமிடும் வழக்கம் அங்கே வளர்ந்தது. இன்றைய லொயிட்ஸ் சந்தையின் தோற்றம் அதுவே.

இனி, ஏற்றிச் செல்வோரின் பொறுப்பு எவ்வளவென்று பார்ப்போம். சர்வதேச விமானப் பயணத்துக்குரிய 1999 ஆம் ஆண்டின் மொன்றியல் உடன்படிக்கையின்படி, சரக்கு தொலைந்தாலும் பழுதுற்றாலும் கிலோ ஒன்றுக்கு 26 விசேட எடுப்பனவு உரிமைகளே உச்சவரம்பு. இந்த வரம்பு 2024 டிசம்பர் 28 முதல் நடைமுறையிலுள்ளது. விசேட எடுப்பனவு உரிமை என்பது சர்வதேச நாணய நிதியம் வகுத்த ஒரு கணக்கு அலகு. ஓர் அமெரிக்க டொலரிலும் கூடிய பெறுமதியுடையது. எனவே இருபது கிலோப் பெட்டிக்கு 520 அலகுகளுக்கு மேல் கிடையாது. பொருளை ஒப்படைக்கும்போதே கூடிய பெறுமதியை எழுத்தில் அறிவித்து, கேட்கப்படும் மேலதிகக் கட்டணத்தையும் செலுத்தினால் மாத்திரமே இவ்வரம்பு உயரும்.

கடல் வழிக்கு ஹேக்-விஸ்பி விதிகள் பல நாடுகளில் வழங்குகின்றன. பொதி ஒன்றுக்கு 666.67 அலகுகள், அல்லது கிலோ ஒன்றுக்கு 2 அலகுகள், இவற்றுள் எது கூடியதோ அதுவே எல்லை. இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். பலருடைய பெட்டிகளைச் சேர்த்து ஒரு கொள்கலனில் அடைத்து அனுப்புவதே முகவர்களின் வழக்கம். கப்பற் பத்திரத்தில் ஒவ்வொரு பெட்டியும் தனித்தனியே எண்ணிக் காட்டப்படாவிட்டால், கொள்கலன் முழுவதும் ஒரே பொதியாகக் கருதப்படும். அப்போது நிறைக்கணக்கில் பார்த்தால் அறுபது கிலோப் பெட்டிக்கு உரியது 120 அலகுகளே. அதுவும் உச்சவரம்பேயன்றி, தானாகக் கைக்கு வரும் தொகையன்று. மேலும், கப்பலில் மூண்ட தீயினால் விளைந்த நட்டத்துக்கு, அத்தீ கப்பற்காரரின் சொந்தத் தவறினால் நேர்ந்ததன்றேல், அவர் பொறுப்பாளியாகார் என்றும் அவ்விதிகள் கூறுகின்றன.

கப்பலில் தீ என்றதும் நம் நாட்டவருக்கு 2021 ஆம் ஆண்டு நினைவுக்கு வரும். அவ்வாண்டு மே 20 ஆம் திகதி கொழும்புத் துறைமுகத்துக்கு வெளியே எக்ஸ்பிரஸ் பேர்ள் என்னும் கப்பலில் தீப்பற்றியது. அதில் 1,486 கொள்கலன்கள் இருந்தன. அவற்றுள் நைத்திரிக்கமிலம் ஏற்றியவையும் இருந்தன. நாட்கணக்கில் எரிந்த கப்பல் யூன் மாதத் தொடக்கத்தில் மூழ்கலாயிற்று. நம் கடலுக்கும் மீனவருக்கும் அது விளைத்த கேடு பெரிது. அதனோடு, அமிலத்துக்குச் சற்றும் தொடர்பில்லாத எத்தனையோ பேருடைய சரக்கும் அழிந்தது. நம் பெட்டியை நாம் எவ்வளவு கவனமாகக் கட்டினாலும், அதன் அருகே எது ஏற்றப்படுகிறது என்பது நம் கையில் இல்லை.

அதே ஆண்டு மார்ச் 23 ஆம் திகதி எவர் கிவன் என்னும் பெருங்கப்பல் சுயஸ் கால்வாயில் தரைதட்டி, ஆறு நாட்கள் வழியை அடைத்து நின்றது. அதிலிருந்த சரக்கு பெரும்பாலும் பழுதுறவில்லை. எனினும், கப்பலை மீட்ட செலவில் சரக்குடையோரும் பங்கேற்க வேண்டுமென்று அறிவிக்கப்பட்டது. அனைவரையும் காக்கச் செய்த செலவையும் தியாகத்தையும் அனைவரும் பகிர வேண்டும் என்பது மிகப் பழைய கடல் வழக்கு. இத்தகைய வேளையில், காப்புறுதி பெற்றவருக்காகக் காப்புறுதி நிறுவனம் உத்தரவாதம் எழுதிக் கொடுக்கும். பெறாதவரோ ரொக்கம் வைப்பிலிட்ட பின்னரே பொருளைப் பெறலாம்.

தபாலைப் பொறுத்தவரையிலும் ஒரு மயக்கம் நிலவுகிறது. பதிவுத் தபாலும் காப்புறுதித் தபாலும் ஒன்றென்று பலர் எண்ணுகின்றனர். பதிவு செய்தால் பொருளுக்கு ஓர் இலக்கமும், அது கைமாறிய விவரமும் கிடைக்கும். தொலைந்தால் விதிக்கப்பட்ட சிறு தொகை கிடைக்கும். காப்புறுதியிலோ அனுப்புநர் தாம் அறிவித்த பெறுமதிக்கு உட்பட்டு இழப்பீடு கோரலாம். 1874 இல் தோன்றிய சர்வதேசத் தபால் ஒன்றியம், பெறுமதி அறிவித்த கடிதங்களுக்கென 1878 இலேயே பரிஸ் நகரில் தனி உடன்பாடு செய்தது. இலங்கை 1877 இலேயே அவ்வொன்றியத்தில் சேர்ந்தது. ஆதலால் தபாலகத்துக்குச் செல்வோர், "இந்த நாட்டுக்கு இப்பொதியைக் காப்புறுதி செய்து அனுப்ப முடியுமா? எவ்வளவு தொகைக்கு?" என்று கேட்டறிவது நன்று. எல்லா நாடுகளுக்கும் எல்லாப் பொதிகளுக்கும் அவ்வசதி இருப்பதில்லை.

நேயர்களே, காப்புறுதியின் உயிர்நாடி உண்மை. பெறுமதியைக் குறைத்துச் சொன்னால் சுங்கத் தீர்வை குறையும் என்று சிலர் கருதுகின்றனர். அதன் விளைவை ஒரு கணக்கால் விளக்குகிறேன். இரண்டு இலட்சம் ரூபா பெறுமதியான பொருளை ஓர் இலட்சத்துக்கு மாத்திரம் காப்புறுதி செய்கிறோம் எனக் கொள்வோம். வழியில் எண்பதினாயிரம் ரூபாவுக்குச் சேதம் ஏற்படுகிறது. பொருளின் பாதிக்கே காப்புறுதி செய்ததால், மறுபாதிக்கு நாமே காப்புறுதியாளர் ஆகிறோம். ஆகவே கிடைப்பது நாற்பதினாயிரம். மறுதலையாக, பெறுமதியைக் கூட்டிச் சொல்வதாலும் இலாபமில்லை. நட்டத்தை ஈடு செய்வதே காப்புறுதியின் நோக்கம். வஞ்சக எண்ணத்துடன் உண்மைக்கு மேற்பட்ட பெறுமதியை அறிவித்தவருக்கு இழப்பீடே கிடையாது என்பது தபால் ஒன்றியத்தின் விதி. சுங்கப் படிவத்தில் ஒரு தொகையும் காப்புறுதிப் பத்திரத்தில் வேறொரு தொகையும் எழுதுவோர், தமக்கு எதிரான சாட்சியத்தைத் தாமே தயாரிக்கின்றனர்.

முகவர் ஒருவர் "காப்புறுதியும் சேர்த்துத்தான்" என்று வாயாற் சொன்னால் அதனோடு அமைந்துவிடலாகாது. எந்த நிறுவனத்தின் காப்புறுதி, எவ்வளவு தொகைக்கு, யாருடைய பெயரில் என்பவற்றைக் காட்டும் சான்றிதழைக் கேட்டுப் பெறவேண்டும். கடற் சரக்குக் காப்புறுதியில் ஏ, பி, சி என மூன்று வகை நிபந்தனைகள் உலகெங்கும் வழங்குகின்றன. விலக்கப்பட்டவை தவிர ஏனைய ஆபத்துகள் அனைத்தையும் ஏற்பது ஏ வகை. சி வகையோ தீ, கப்பல் மூழ்குதல், மோதுதல் போன்ற பெரு விபத்துகளையே ஏற்கும்; களவு அதில் அடங்காது. கட்டணம் குறைவாக இருந்தால், எந்த வகை என்று கேளுங்கள்.

எவ்வகையாயினும் சில நட்டங்கள் ஏற்கப்படுவதில்லை. போதாத கட்டுமானம், பொருளின் இயல்பிலேயே உள்ள குறை, தாமதம் என்பன அவற்றுட் சில. நமது கருவாட்டுப் பொதி நாளாகிக் கெட்டுப் போனால் அது பொருளின் இயல்பு. கண்ணாடிப் பாத்திரத்தைத் துணிகூடச் சுற்றாமல் பெட்டியில் இட்டால் அது கட்டியவரின் குறை. பணமும் நகையும் சாதாரணப் பொதியில் வைக்கத் தக்கன அல்ல.

ஆகவே பெட்டி கட்டும் நாளிற் செய்ய வேண்டியவை இவை: உள்ளே வைக்கும் ஒவ்வொரு பொருளையும் எண்ணிக்கையோடும் பெறுமதியோடும் பட்டியலாக எழுதுங்கள். வாங்கிய கடையின் பற்றுச்சீட்டுகளைச் சேர்த்து வையுங்கள். திறந்த பெட்டியையும் மூடிய பெட்டியையும் கைத்தொலைபேசியாற் படம் பிடியுங்கள். நிறையை நிறுத்துக் குறியுங்கள். பட்டியலின் ஒரு பிரதியைப் பெட்டிக்குள்ளும், ஒன்றை உங்கள் கையிலும் வைத்து, இன்னொன்றை வீட்டுக்கு அனுப்புங்கள்.

பெட்டியைப் பெறும் நாளும் அதே அளவு முக்கியமானது. "நல்ல நிலையிற் பெற்றுக்கொண்டேன்" என்ற வாசகத்தின் கீழ்ப் பார்க்காமற் கையொப்பம் இட்டுவிட்டால், பின்னர் வாதாடுவது கடினம். ஒட்டுநாடா கிழிந்திருந்தாலோ, மூலை நசுங்கியிருந்தாலோ, ஈரம் தெரிந்தாலோ அதனை ஒப்பமிடும் தாளிலேயே எழுதுங்கள். உடைந்த பொருளையும் பெட்டியையும் எறிந்துவிட வேண்டாம். மதிப்பீட்டாளர் பார்க்கும்வரை அவை இருக்கவேண்டும்.

காலக்கெடுவும் உண்டு. கடற்பொதியில் வெளியே தெரியாத சேதத்தை மூன்று நாட்களுக்குள் எழுத்தில் அறிவிக்க வேண்டும். வழக்குத் தொடர ஓராண்டு. விமானப் பொதியின் சேதத்துக்குப் பதினான்கு நாட்கள், வழக்குக்கு இரண்டாண்டு. சர்வதேசத் தபாலில், அனுப்பிய நாளின் மறுநாள் முதல் ஆறு மாதங்களுக்குள் விசாரணை கோரலாம். காப்புறுதி நிறுவனத்துக்கோ தாமதமின்றி அறிவிக்க வேண்டும். அதன் பத்திரத்தில் உள்ள கெடு இவற்றிலும் குறுகியதாக இருக்கலாம். கோரிக்கைக் கடிதம் சுருக்கமாக இருக்கட்டும்: பத்திர இலக்கம், அனுப்பிய திகதி, பெற்ற திகதி, சேதத்தின் விவரம், கோரும் தொகை, இணைத்துள்ள ஆவணங்கள் ஆகியன போதும். இலங்கை நிறுவனம் ஒன்று கோரிக்கையை மறுத்தால், காரணத்தை எழுத்திற் கேளுங்கள். அது நியாயமன்று எனத் தோன்றினால், 2005 முதல் இந்நாட்டில் இயங்கிவரும் காப்புறுதிக் குறைகேள் அதிகாரியை நாடலாம். 2000 ஆம் ஆண்டின் 43 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவும் உண்டு.

இவையெல்லாம் படித்தவர்க்குரிய காரியம் என்று தோட்டத்து மக்கள் ஒதுங்கிவிடலாகாது. ஒரு காலத்தில் நம் முன்னோரின் கடனும் விடுதலையும் "துண்டு" எனப்பட்ட ஒரு தாளில் அடங்கியிருந்தன. அதனை எழுதியோர் வேறு. அதற்குக் கட்டுண்டோர் வேறு. அந்த முறை 1921 இற் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. இன்று நம் பிள்ளைகள் எழுதவும் கணக்கிடவும் கற்றிருக்கின்றனர். ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி, தாய் அனுப்பும் பெட்டியின் பட்டியலைச் சரிபார்க்கவும், காப்புறுதிச் சான்றிதழைப் படித்துப் பொருள் சொல்லவும், வேண்டுமிடத்துக் கோரிக்கைக் கடிதம் எழுதவும் வல்லவளாதல் வேண்டும். பாடசாலைகளிற் கடிதம் எழுதப் பழக்கும் ஆசிரியர்கள் இதனையும் ஒரு பயிற்சியாகக் கொடுக்கலாம்.

அடுத்த முறை வெளிநாட்டிலிருந்து உங்கள் மகளோ மகனோ பெட்டி அனுப்பப் போவதாகச் சொன்னால், உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்பதோடு நிறுத்திவிடாதீர்கள். பட்டியல் எழுதினாயா, பெறுமதியைச் சரியாகச் சொன்னாயா, சான்றிதழ் கையில் இருக்கிறதா என்று இன்னும் மூன்று கேள்விகள் கேளுங்கள்.