கொல்லையின் காவலர்
(நம் சங்கத்தின் புதுச்சத்திரக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழ் கற்பிக்கும் ஆசிரியராகிய எம்மை இலக்கியம் பேசுமாறு அழைக்காது, வீட்டுத் தோட்டத்துப் பூச்சிகளைப்பற்றிப் பேசுமாறு சங்கத்தார் பணித்தனர். யாம் வேளாண் கல்லூரியிற் பயின்றவர் அல்லேம். எனினும், எம் வீட்டுக் கொல்லையில் நெடுநாளாகப் பப்பாளியும் செம்பருத்தியும் கத்தரியும் வளர்த்து, தவறு செய்து, அத்தவற்றால் அறிந்துகொண்டது சிறிதுண்டு. அதனையே இங்குக் கூறத் துணிந்தோம். குற்றம் களைந்து குணம் கொள்ளுமாறு வேண்டுகின்றோம்.

உழவினைப் பாடிய வள்ளுவனார், பயிருக்கு நீர் பாய்ச்சுவதைக் காட்டிலும் அதனைக் காப்பது சிறந்தது என்று கூறியிருப்பதை நீவிர் அறிவீர். காவல் என்றவுடன் முள்வேலியும் ஆடுமாடுகளும் நம் நினைவிற்கு வருகின்றன. ஆயின், இலையின் அடிப்புறத்தில் நம் கண்ணுக்குப் புலனாகாமல் நிகழும் காவல் மற்றொன்றுண்டு. அக்காவலரை அறியாமையால் நாமே கொன்றுவிடுகின்றோம் என்பதே இன்று யாம் சொல்ல வந்த பொருள்.

2009ஆம் ஆண்டில் நிகழ்ந்ததைக் கூறுவோம். எம் கொல்லையில் நின்ற பப்பாளி மரம் இரண்டினும் வெண்பஞ்சு ஒட்டினாற்போல் மாவுப்பூச்சி படர்ந்தது. இலைகள் சுருங்கின; காய்கள் பிசுபிசுத்துக் கரும்பூஞ்சணம் பூத்தன. யாம் பொறுமையிழந்து கடையிற் சென்று, வீரியமுள்ள நஞ்சு எதுவென்று கேட்டு வாங்கி, அளவிற்கு மிகுதியாகக் கலந்து தெளித்தோம். அம்மரத்தை அடுத்த மண்சுவரின் பொந்தில் கொசுத்தேனீக் கூடு ஒன்று பல்லாண்டாக இருந்தது. மூன்றாம் நாள் அக்கூட்டின் வாயிலில் ஈ ஒன்றுகூட இல்லை. மாவுப்பூச்சியோ பதினைந்து நாளிற்குள் முன்னிலும் அடர்ந்து வந்தது. எம் அன்னையார் அச்சுவரைப் பார்த்துவிட்டு, “கண்ணு, கேடு செய்தது ஒன்று, செத்தது வேறொன்று” என்றார். அவ்வாண்டு அம்மரத்துப் பழத்தை எம் குழந்தைகளுக்குக் கொடுக்க அவர் இசையவில்லை. பல நூல் கற்ற எமக்கு, எழுத்தறியாத அவர் கூறிய அச்சொல்லே பாடமாயிற்று.

அப்பூச்சி நம் நாட்டிற்கு உரியதன்று. மெக்சிகோவும் நடு அமெரிக்காவும் அதன் பிறப்பிடம். இந்தியாவில் அது முதன்முதல் 2008ஆம் ஆண்டில் கோயமுத்தூரில் காணப்பட்டது. பின்னர்ப் பப்பாளி, மரவள்ளி, மல்பெரி, செம்பருத்தி முதலிய பலவற்றையும் பற்றியது. தன் தாயகத்தில் அடங்கிக் கிடந்த பூச்சி இங்கு வந்து ஏன் பேயாட்டம் ஆடிற்று? பூச்சி மட்டும் வந்தது. அதனை அடக்கும் பகை உடன் வரவில்லை. இதுவே காரணம்.

இதனை உணர்ந்த அறிஞர்கள் 2010ஆம் ஆண்டில் அப்பகையையே தேடிக் கொணர்ந்தனர். போர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து ‘அசெரோபேகஸ் பப்பாயே’ என்னும் சிறு குளவி பெங்களூருக்கு வருவிக்கப்பட்டு, ஆராயப்பெற்று, தமிழ்நாட்டிலும் பிற மாநிலங்களிலும் விடப்பட்டது. அது நம்மைக் கொட்டுவதில்லை. கண்ணிற்கு ஒரு புள்ளியளவே தோன்றுவது. மாவுப்பூச்சியின் உடலுள் அது முட்டையிடும். முட்டையினின்று வெளிப்படும் புழு உள்ளிருந்தே அப்பூச்சியைத் தின்று வளரும். பூச்சி கூடுபோல் உலர்ந்துவிடும். அதில் துளையிட்டுக்கொண்டு புதிய குளவி வெளிவரும். நஞ்சு செய்யமாட்டாத வேலையை இச்சிற்றுயிர் செய்து முடித்தது.

நம் பக்கத்திற்கு இன்னும் நெருங்கிய செய்தி ஒன்றுளது. குச்சிக்கிழங்கு என நாம் வழங்கும் மரவள்ளி, சேலம் நாமக்கல் மாவட்டங்களில் எத்துணைக் குடும்பங்களின் சோறு என்பதைச் சவ்வரிசி ஆலைகளைப் பார்த்து வளர்ந்த உங்களுக்கு யாம் சொல்ல வேண்டுவதில்லை. 2020ஆம் ஆண்டில் மரவள்ளிக்கே உரிய வேறொரு மாவுப்பூச்சி கேரளத்திலும் பின்னர் நம் மாவட்டங்களிலும் புகுந்து, நுனிக் குருத்துகளை முடக்கிற்று. இதன் தாயகம் தென்னமெரிக்கா. இப்பூச்சி 1970க்குப் பிந்திய ஆண்டுகளில் ஆப்பிரிக்காவில் பரவி, மரவள்ளியையே உணவாக நம்பியிருந்த மக்களைப் பசிக்கு அஞ்சச் செய்தது. 1981இல் பராகுவே நாட்டில் இதன் பகையாகிய ‘அனகைரஸ் லோபெசி’ என்னும் குளவி கண்டறியப்பட்டு ஆப்பிரிக்காவிற்குக் கொண்டுசெல்லப்பட்டது. அப்பெரும் பணியை முன்னின்று நடத்திய சுவிட்சர்லாந்து நாட்டறிஞர் ஹான்ஸ் ஹெரன் 1995ஆம் ஆண்டில் உலக உணவுப் பரிசு பெற்றார். அக்குளவியே ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து 2021இல் இந்தியாவிற்கு வந்து, 2022 மார்ச்சுத் திங்களில் சேலம் மாவட்டத்து ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் விடப்பட்டது. பராகுவேயில் கண்ட காவலன் ஏத்தாப்பூர் வரை வந்து சேர்ந்தமையை எண்ணுமிடத்து எமக்கு வியப்பு மேலிடுகின்றது.

அரசினர் கொணர்ந்த காவலர் ஒருபுறம் இருக்க, நம் கொல்லையில் வேறு காவலரும் உளர். பொறிவண்டு அவருள் ஒன்று. 1898ஆம் ஆண்டிலேயே ஆஸ்திரேலியாவிலிருந்து நம் நாட்டிற்கு வந்த ‘கிரிப்டோலேமஸ்’ என்னும் பொறிவண்டு மாவுப்பூச்சியைத் தின்பது. அதன் குஞ்சுப்புழுவும் வெண்மையான மெழுகிழைகளைப் போர்த்து, மாவுப்பூச்சியே போலத் தோன்றும். ஆதலின், நல்லதைத் தீயதென்று நசுக்கிவிடுவார் பலர். குச்சியால் மெல்லத் தீண்டிப் பாருங்கள். பருத்த உடலோடு விரைந்து ஓடுவது காவலன். அசையாது ஒட்டிக்கிடப்பது கள்வன்.

இனி, வீட்டில் செய்யத்தக்கனவற்றை முறையே கூறுவோம்.

முதலாவது, எறும்பு. மாவுப்பூச்சி கசியவிடும் இனிப்பு நீருக்காக எறும்பு அதனைக் காத்து, நன்மை செய்யும் குளவியைத் துரத்தும். எறும்பின் வரிசை மரத்தில் ஏறாதவாறு தடுத்தாலே பாதி வெற்றி கிட்டும். வேலியையோ பிற செடியையோ தொட்டுக்கொண்டிருக்கும் கிளையைக் கழித்துவிடுக.

இரண்டாவது, நீர். தொடக்கத்திலேயே கண்டால் வேகமாகப் பீய்ச்சும் நீரே பூச்சியைக் கழுவிவிடும். மிகுதியாகப் பற்றிய கிளையை வெட்டி அகற்றுக. அதனை எருக்குழியில் இடற்க.

மூன்றாவது, வேம்பு. வேப்பம்பருப்பு 50 கிராம் எடுத்து இடித்து, துணியில் முடிந்து, 1 லிட்டர் நீரில் ஓரிரவு ஊறவைத்துப் பிழிந்து வடிகட்டுக. இலையில் ஒட்டுவதற்குச் சிறிது சோப்புக் கரைசல் சேர்க்க. வெயிலில் அதன் ஆற்றல் குன்றுமாதலின் மாலையில், இலையின் அடிப்புறம் நனையுமாறு தெளிக்க. வடித்த அன்றே பயன்படுத்துக. பூச்சி உடனே மடியவில்லையே என்று சலித்தல் வேண்டா. வேம்பு அதன் தீனியைக் குறைத்து, வளர்ச்சியைக் கெடுத்து, மெல்லவே வேலை செய்யும்.

நான்காவது, வரவு. அயலாரிடமிருந்து வாங்கும் செம்பருத்திக் குச்சியும் மரவள்ளிக் குச்சியும் பூச்சியைச் சுமந்து வருதல் கூடும். பூச்சி இல்லாத செடியிலிருந்தே குச்சி எடுக்க. புதிய கன்றை இரண்டு கிழமை தனியே வைத்துப் பார்த்த பின்னரே மற்றவற்றோடு சேர்க்க.

இங்கு ஓர் எச்சரிக்கையும் கூறல் வேண்டும். செடியிலிருந்து எடுத்தது யாதாயினும் தீங்கற்றது என்று எண்ணற்க. புகையிலைக் கஷாயத்தைச் சிலர் இயற்கை மருந்து எனப் போற்றுகின்றனர். அதிலுள்ள நிகோட்டின் தோலின் வழியே புகுந்தும் மனிதரைத் துன்புறுத்தும் கொடிய நஞ்சு. குழந்தைகள் உலவும் வீட்டில் அதனைக் காய்ச்ச வேண்டா. வேப்பங்கரைசலையும் தேனீக்கள் மொய்க்கும் பொழுதில் தெளிக்க வேண்டா.

நம் மகளிர்க்கும் மாணவர்க்கும் யாம் விடுக்கும் வேண்டுகோள் ஒன்றே. செடியில் பூச்சியைக் கண்டவுடன் கடைக்கு ஓடாதீர். ஏழு நாள், காலைதோறும், இலையைத் திருப்பிப் பாருங்கள். எறும்பு உண்டா, பொறிவண்டு உண்டா, துளையுள்ள உலர்ந்த கூடு உண்டா என்று ஏட்டில் குறியுங்கள். துளையுள்ள கூடு தென்படின் காவலர் வந்துவிட்டனர் என்பது பொருள். அப்பொழுது யாதொன்றும் தெளிக்காது காத்திருங்கள். எம் பள்ளி மாணவர்க்கும் இதனையே கற்பித்து வருகின்றோம்.

எம் அன்னையார் இப்பொழுது இல்லை. அவர் பார்த்து நின்ற அம்மண்சுவர் உளது. அதன் பொந்தில் கொசுத்தேனீ மீண்டும் வந்து குடியேறுவதற்கு ஆறு ஆண்டுகள் ஆயின. தெளிப்பதற்கு ஒரு நாழிகையும் ஆகவில்லை. இவ்விரண்டு காலத்தையும் நிறுத்துப் பார்த்த பின்னரே நஞ்சுப் புட்டியைக் கையில் எடுங்கள் என்று கூறி அமைகின்றோம்.