விருப்பப் பாடம் என்றால் வேண்டாத பாடமா?

(வேப்பந்தட்டை வட்டாரக் கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியது)



மக்காச்சோள அறுப்பு நேரத்திலும் இத்தனை பேர் வந்திருக்கீங்க. அதனால் நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறோம். இந்த மாதம் வந்த கடன் மனுக்களில் மூன்று மனு ஒரே மாதிரி. இன்ஜினியரிங் படிக்கிற பிள்ளையை வெளியில் கம்ப்யூட்டர் கோர்ஸில் சேர்க்கணும், 20,000 வேணும், 25,000 வேணும் என்று. கறவை மாட்டுக்கும் விதைக்கும் கொடுக்கிற நாம் படிப்புக்கும் கொடுக்கலாம், தப்பில்லை. ஆனால் கொடுக்கும் முன்னே ஒரு கேள்வி கேட்கணும். அதை முன்பு ஒரு தடவை நாங்கள் கேட்காமல் விட்டுவிட்டோம்.

சில வருஷத்துக்கு முன்னால் ஒரு குழுவில் இதே மாதிரி 25,000 ரூபாய்க்கு நாங்களே முன்னால் நின்று தீர்மானம் போட வைத்தோம். "வேலை உறுதி" என்று நோட்டீஸ் அடித்த சென்டர். அந்தப் பொண்ணு மூன்று மாதம் போனது, சான்றிதழ் வந்தது, வேலை வரவில்லை. அம்மா வெங்காயக் காட்டில் களை வெட்டித்தான் கடனை அடைத்தார். அப்புறம் பொண்ணு சொல்லித்தான் தெரிந்தது, அதே பாடம் கல்லூரியிலேயே விருப்பப் பாடமாக இருந்ததாம். "அது ஆப்ஷனல்தான்க்கா, யாரும் எடுக்கல" என்றது. கல்லூரியில் என்ன பாடம் இருக்கிறது என்று ஒரு வார்த்தை நாங்கள் கேட்டிருந்தால் அந்தக் கடனே வந்திருக்காது.

சரி, புரோகிராம் என்றால் என்ன? நம் குழு நோட்டைப் பாருங்கள். "சந்தா கட்டவில்லை என்றால் அபராதம் 5 ரூபாய், கட்டியிருந்தால் இல்லை." இதை உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் வரிசையாகப் பார்க்கிறோம் இல்லையா? இப்படி ஒரு விதியை, கம்ப்யூட்டருக்குப் புரிகிற மொழியில் படிப்படியாக எழுதி வைப்பதுதான் புரோகிராம். அந்த மொழிகளில் 'சி' 1972 வாக்கில் அமெரிக்காவில் உருவானது. 'பைத்தான்' 1991-ல் வெளியானது. இந்த இரண்டு பேரையும் உங்கள் பிள்ளை வாயில் கேட்டிருப்பீங்க.

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்தில் எந்தப் பிரிவானாலும் முதல் வருஷம் பைத்தான் உண்டு. கம்ப்யூட்டர் பிரிவுப் பிள்ளைகளுக்கு அதற்கப்புறமும் தொடர்ந்து வரும். மெக்கானிக்கல், சிவில் பிள்ளைகளுக்கு அநேகமாக அத்தோடு சரி. கடைசி வருஷம் கம்பெனிக்காரர்கள் கல்லூரிக்கு ஆள் எடுக்க வரும்போது, மென்பொருள் கம்பெனிகள் எல்லாப் பிரிவிலிருந்தும் எடுக்கிறார்கள். பரீட்சையில் புரோகிராம் எழுதச் சொல்கிறார்கள். நம்ம பிள்ளை தொட்டு இரண்டு மூன்று வருஷம் ஆகியிருக்கும். விதைத்துவிட்டுத் தண்ணி கட்டாத கதைதான். இடையில் கட்டுகிற தண்ணிதான் இந்த விருப்பப் பாடம்.

இது எங்கே கிடைக்கும்? முதலில் கல்லூரியிலேயே. வேறு பிரிவுப் பாடத்தை எடுத்துப் படிக்க இடம் இருக்கிறது, அதை 'ஓபன் எலெக்டிவ்' என்பார்கள். இரண்டாவது, என்.பி.டி.இ.எல். ஐ.ஐ.டி.க்களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003-ல் தொடங்கியது. பாடம் பார்க்கக் காசு கிடையாது. 4, 8, 12 வாரம் என்று இருக்கும், வாராவாரம் வீட்டுப்பாடம் தரணும். சான்றிதழ் வேண்டுமென்றால் மட்டும் சுமார் 1000 ரூபாய் கட்டி, மையத்துக்கு நேரில் போய்ப் பரீட்சை எழுதணும். கட்டணத்தில் சலுகை உண்டா என்று விண்ணப்பிக்கும்போதே பார்க்கணும். அந்த மார்க்கைக் கல்லூரி கிரெடிட்டாக எடுத்துக்கொள்ளுமா என்பதை முன்னாலேயே துறைத் தலைவரிடம் கேட்டுவிடணும். பிறகு கேட்டுப் பிரயோஜனம் இல்லை. மூன்றாவது, 2022 மார்ச் 1-ல் தமிழக அரசு தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்தில் இன்ஜினியரிங் கல்லூரிகளில் திறன் பயிற்சி கொடுத்தார்கள். இந்த வருஷம் உங்கள் பிள்ளையின் கல்லூரியில் என்ன கோர்ஸ் இருக்கிறது என்று பிளேஸ்மென்ட் அதிகாரியைக் கேட்கலாம்.

எல்லாரும் எடுத்தே ஆகணும் என்று நாங்கள் சொல்லவில்லை. அரியர் வைத்திருக்கிற பிள்ளை முதலில் அதை முடிக்கட்டும். நான்கு கோர்ஸில் பேர் கொடுத்து நான்கையும் பாதியில் விடுவதைவிட, ஒன்றை ஒழுங்காக முடிக்கட்டும்.

"பிள்ளை படிக்குதா, போனில் விளையாடுதான்னே தெரியலையே" என்று ஒரு அக்கா போன மாதம் கேட்டார். இதற்கு ஒரு வழி சொல்கிறோம். இது ஒரு குழுவில் நடந்தது. அம்மா எட்டாவது வரை படித்தவர், மகன் மெக்கானிக்கல். அம்மா நம் கடன் பதிவேட்டைக் கொடுத்து, "இதுக்கு ஒரு புரோகிராம் எழுதுடா" என்றார். 10,000 ரூபாய் கடன், மாதம் 1000 அசல், நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி, பத்து மாதம். பையன் எழுதிக் காட்டினான். மொத்த வட்டி 1000 என்று வந்தது. அம்மா பார்த்த உடனே, "தப்புடா, 550தான் வரணும். அசல் குறையக் குறைய வட்டியும் குறையும்ல" என்றார். முதல் மாதம் 100, அடுத்தது 90, கடைசியில் 10. கூட்டிப் பாருங்கள். பையன் ஒவ்வொரு மாதமும் முழு 10,000-க்கே வட்டி போட்டிருக்கிறான். ராத்திரி உட்கார்ந்து திருத்தினான். எழுதினதைச் சோதித்துத் தப்பு கண்டுபிடிப்பது மென்பொருள் கம்பெனிகளில் சம்பளம் கொடுத்து வைத்திருக்கிற ஒரு வேலை. அதை அந்த அம்மா அடுப்படியில் நின்றே செய்துவிட்டார்!

பெண் பிள்ளை வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. பையன் போன் பார்த்தால் படிப்பு, பொண்ணு பார்த்தால் சந்தேகம் என்கிற பேச்சு நம் வீடுகளில் இருக்கிறது. இந்தப் பாடத்தில் பாதி போனில்தான். எழுதிப் பழக லேப் வேணும், அதனால் வாரத்தில் ஒரு நாள் கடைசி பஸ்ஸுக்குத்தான் வரும். அந்த ஒரு நாளுக்கு நீங்கள் பஸ் ஸ்டாப்பில் போய் நில்லுங்கள், வர வேண்டாம் என்று சொல்லாதீர்கள்.

மூன்று மனுவையும் நிராகரிக்கவில்லை, தள்ளித்தான் வைத்திருக்கிறோம். அந்த மூன்று அம்மாக்களும் பிள்ளையோடு கல்லூரிக்கு ஒரு தடவை போய், என்ன விருப்பப் பாடம் இருக்கிறது, எப்போது பேர் கொடுக்கணும் என்று எழுதி வாங்கிவரட்டும். கூட வர ஆள் வேண்டுமென்றால் சொல்லுங்கள், எங்களில் ஒருத்தர் வருகிறோம். அடுத்த கூட்டத்தில் அதைப் படித்துவிட்டுத் தீர்மான நோட்டில் எழுதலாம்.