"ஏ.பி.என். எடுத்துக்கொண்டு வா" எண்டு சொன்னால்...

(மெல்பேர்னில் நடைபெற்ற எமது தகவல் மாலையில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம். அன்று வரமுடியாமற் போனவர்களுக்காக இங்கே தருகின்றோம்.)



இண்டைக்கு ஒரு இலக்கத்தைப் பற்றித்தான் பேசப்போகின்றேன். பதினொரு எண்கள் கொண்ட சின்ன இலக்கம். ஆனால் அதை விளங்காமல் எடுத்ததால் சம்பளத்தையும் சுப்பரையும் இழந்தவர்களை நாங்கள் அடிக்கடி சந்திக்கிறோம்.

சில மாதங்களுக்கு முன் ஒரு தம்பி எங்களிடம் வந்தார். கையிலே கட்டு. துப்பரவு வேலை செய்த இடத்தில் ஈரத்தில் வழுக்கி விழுந்துவிட்டார். "அண்ணை, லீவுக் காசு கேட்டன். நீ என்ர வேலையாள் இல்லை, உனக்கு ஏ.பி.என். இருக்கு, நீயே ஒரு முதலாளிதானே எண்டு சொல்லிப்போட்டார்" என்றார். வேலைக்குச் சேர்ந்த அன்று முதலாளியே போனில் படிவத்தை நிரப்பிக் கொடுத்தாராம். இவருக்கு அது என்னவென்றே தெரியாது.

ஆகவே முதலில் இலக்கங்களைப் பிரித்துப் பார்ப்போம்.

முதலாவது ரி.எவ்.என். இது உங்களுடைய வரி இலக்கம். ஒன்பது எண்கள். வாழ்நாள் முழுவதும் ஒன்றுதான். இது இரகசியமானது. வேலை தருபவர், வங்கி, சுப்பர் நிதி, வரித் திணைக்களம், உங்கள் வரி முகவர் போன்றவர்களுக்குத்தான் கொடுக்கலாம். வீடு வாடகைக்குக் கேட்கும்போதோ, வேலைக்கு விண்ணப்பம் போடும்போதோ கொடுக்கத் தேவையில்லை. வேலை கிடைத்த பிறகு கொடுத்தால் போதும்.

இரண்டாவது ஏ.பி.என். இது வணிக இலக்கம். 2000ஆம் ஆண்டு யூலையில் ஜி.எஸ்.ரி. வரியோடு சேர்ந்து நடைமுறைக்கு வந்தது. இது பகிரங்கமானது. இணையத்தில் யாரும் தேடிப் பார்க்கலாம். உங்கள் பெயர், மாநிலம், தபால் குறியீடு, ஜி.எஸ்.ரி. பதிவு உண்டா இல்லையா என்பன அங்கே தெரியும். வீட்டு விலாசம் அதில் வராது. "எங்கட விலாசம் ஊருக்குத் தெரிஞ்சிடுமோ" என்று பயப்படுகிறவர்களுக்காக இதைச் சொல்லுறன்.

மூன்றாவது ஏ.சி.என். இது கொம்பனி பதிந்தவர்களுக்கு மட்டும். ஒன்பது எண்கள். தனி ஆளாகத் தொழில் செய்பவருக்கு இது தேவையில்லை. அவர் தன்னுடைய ரி.எவ்.என்.னிலேயே வரி காட்டலாம்.

சரி, ஏ.பி.என். யாருக்கு? சொந்தமாகத் தொழில் செய்பவருக்கு. வீடுகளுக்குப் பெயின்ற் அடிக்க நீங்களே விலை பேசி, நீங்களே சாமான் வாங்கி, பிழை வந்தால் உங்கள் செலவில் திருத்திக் கொடுக்கிறீர்கள் என்றால் அது தொழில். அதற்கு ஏ.பி.என். வேண்டும். கொடுக்காவிட்டால், 75 டொலருக்கு மேற்பட்ட கொடுப்பனவில் 47 வீதத்தைப் பிடித்து வரித் திணைக்களத்துக்கு அனுப்பவேண்டிய கடமை உங்களுக்குக் காசு தரும் வணிகத்துக்கு உண்டு.

ஆனால் ஒருவர் நேரம் குறித்து வரச்சொல்லி, தன் சாமானைத் தந்து, மணிக்கணக்கில் காசு தந்து, இப்படித்தான் செய் என்று சொல்லி, உங்களுக்குப் பதிலாக வேறு ஆளை அனுப்பவும் விடாமல் வைத்திருந்தால், அநேகமாக நீங்கள் ஊழியர்தான். ஊழியர் வேலைக்கு ஏ.பி.என். தேவையில்லை. அந்த வேலையைக் காட்டி ஏ.பி.என். எடுக்க உரித்தும் இல்லை. 2024 ஓகஸ்ட் 26 முதல் வேலைச் சட்டம் இதை இன்னும் தெளிவாகச் சொல்கிறது: கடதாசியில் என்ன எழுதியிருக்கு என்பது மட்டும் அல்ல, வேலை உண்மையில் எப்படி நடக்கிறது என்பதையும் பார்க்கவேண்டும். ஊழியரை ஒப்பந்தக்காரர் என்று பொய்யாகக் காட்டுவது சட்டப்படி குற்றப்பணத்துக்கு உரிய விடயம்.

அந்தத் தம்பியின் கணக்கைப் போட்டுப் பார்த்தோம். மணிக்கு 20 டொலர், கிழமைக்கு 38 மணித்தியாலம். கைக்கு வந்தது 760 டொலர். வரி பிடிக்காததால் நல்ல சம்பளம் என்று நினைத்திருந்தார். 2025 யூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த தேசிய குறைந்தபட்சச் சம்பளம் மணிக்கு 24.95 டொலர். அந்தக் கணக்கில் 948 டொலர் 10 சதம் வரவேண்டும். துப்பரவுத் தொழிலுக்கான சம்பளம் அதைவிடவும் கூட. அதை விடுங்கோ, ஆகக் குறைந்ததையே பார்ப்போம். கிழமைக்கு 188 டொலர் குறைவு. ஆறு மாதத்தில் கிட்டத்தட்ட 4,900 டொலர். அதோடு 12 வீத சுப்பர், கிழமைக்கு 113 டொலருக்கு மேல். ஆறு மாதத்துக்கு ஏறக்குறைய 2,950 டொலர். இவ்வளவும் போக, வாங்கிய காசுக்கு வருட முடிவில் வரியும் அவரே கட்டவேண்டும். இதைக் கேட்டதும் கொஞ்ச நேரம் அவர் ஒன்றும் பேசவில்லை.

பிறகு கேட்டார்: "முறைப்பாடு செய்தால் விசாவுக்குப் பிரச்சினை வருமோ?"

இந்தக் கேள்வி உங்களில் பலருக்கும் இருக்கும். இரண்டு விடயங்களைப் பிரித்து விளங்கிக்கொள்ளுங்கோ. வேலை செய்யும் உரிமை உங்கள் விசாவில் இருந்து வருகிறது. ஏ.பி.என். கிடைத்தது என்பதற்காக வேலை உரிமை கிடைத்துவிடாது. பிறிட்ஜிங் விசாவில் வேலை உரிமை இல்லாதவர் ஏ.பி.என்.னோடு சாப்பாடு டெலிவரி செய்தாலும் அது வேலைதான். அதேநேரம் செய்த வேலைக்கான சம்பள உரிமை விசா நிலையால் இல்லாமற் போகாது. இது 2023இல் வேலைச் சட்டத்திலேயே தெளிவாக எழுதப்பட்டது. இருந்தாலும் விசாவில் சந்தேகம் உள்ளவர்கள் முறைப்பாட்டுக்கு முன் ஒரு குடிவரவுச் சட்ட ஆலோசகரிடம் பேசுங்கோ. அக்கம்பக்கத்தில் கேட்டு முடிவெடுக்காதீர்கள்.

இனி, உண்மையாகவே சொந்தத் தொழில் செய்யப்போகிறவர்களுக்குச் சில விடயங்கள்.

ஏ.பி.என். எடுப்பது இலவசம். அரசாங்கத்தின் வணிகப் பதிவேட்டு இணையத்தளத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம். கூகிளில் முதலில் வருகிற எல்லாம் அரசாங்கத் தளம் இல்லை. காசு கேட்டால் அது தனியார் தளம் என்று விளங்கிக்கொள்ளுங்கோ.

வருட வருமானம், அதாவது செலவு கழிக்க முதல் வருகிற மொத்தத் தொகை, 75,000 டொலரை எட்டினால் ஜி.எஸ்.ரி.க்குப் பதியவேண்டும். அதற்கு 21 நாள் அவகாசம். ஆனால் டக்சி அல்லது ஊபர் போன்றவற்றில் ஆள் ஏற்றுபவர் முதல் டொலரில் இருந்தே பதியவேண்டும். இதில்தான் எங்கட ஆக்கள் கனபேர் மாட்டுப்படுகிறார்கள். 33 டொலர் ஓட்டத்தில் 3 டொலர் ஜி.எஸ்.ரி. அது உங்கள் காசு இல்லை. சாப்பாட்டு டெலிவரிக்கு இந்த விதி இல்லை, 75,000 கணக்குத்தான். ஜி.எஸ்.ரி.க்குப் பதியாதவர் பில்லில் ஜி.எஸ்.ரி. போட்டுக் காசு வாங்கக்கூடாது.

வருகிற ஒவ்வொரு கொடுப்பனவிலும் ஒரு பங்கை வரிக்கென்று வேறு கணக்கில் போடுங்கோ. நிதியாண்டு யூன் 30இல் முடியும். நீங்களே வரி காட்டுவதென்றால் ஒக்ரோபர் 31 கடைசி நாள். பில், ரசீதுகளை ஐந்து வருடம் வைத்திருக்கவேண்டும். வீடு மாறினால் 28 நாளுக்குள் அறிவியுங்கோ. தொழிலை விட்டால் ஏ.பி.என்.னை ரத்துச் செய்யுங்கோ. வீட்டில் சமைத்து மதியச் சாப்பாடு விற்க நினைக்கும் அக்காமாருக்கு: ஏ.பி.என். மட்டும் போதாது, மாநகர சபையிலும் பதியவேண்டும்.

உதவி எங்கே? சம்பளப் பிரச்சினைக்கு ஃபெயார் வேர்க் ஒம்புட்ஸ்மன், 13 13 94. ஆங்கிலம் கஷ்டமென்றால் 131 450க்கு எடுத்து "தமிழ்" என்று சொல்லுங்கோ, மொழிபெயர்ப்பாளரோடு இணைத்துவிடுவார்கள்.

அந்தத் தம்பியின் விடயம் இன்னும் முடியவில்லை. ஆனால் அவரிடம் ஒரு பழைய கொப்பி இருந்தது. ஒவ்வொரு நாளும் எத்தனை மணிக்குப் போனார், எத்தனை மணிக்கு வந்தார் என்று எழுதி வைத்திருந்தார். ஊரில் தோட்டக் கணக்கு எழுதிய பழக்கமாம். இப்போது அவர் பக்கம் பேசுவது அந்தக் கொப்பிதான். வேலைக்குப் போகும் எல்லோரும் அப்படி ஒரு கொப்பி வைத்திருங்கோ. முதலாளி அனுப்பும் செய்திகளையும் போனில் இருந்து அழிக்காதீர்கள்.

இனி யாராவது "ஏ.பி.என். எடுத்துக்கொண்டு வா" என்றால் உடனே தலையாட்டாமல், "ஏன்? நான் ஊழியரா, ஒப்பந்தக்காரரா?" என்று ஒரு கேள்வி கேளுங்கோ. பதில் விளங்காவிட்டால் கையெழுத்துப் போடமுதல் எங்களிடம் வாருங்கோ. கையெழுத்துப் போட்டுவிட்டீர்கள் என்றாலும் வாருங்கோ.