சாவி யாரிடம் இருக்கிறது?

(மாணவர் வாசிப்பு வட்டக் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



உட்கார்ந்துகொண்டே பேசுகிறேன். சிறு வயதில் வந்த போலியோ. இடது காலில் காலிப்பர், கையில் ஊன்றுகோல். என்னைப் பற்றி இவ்வளவு போதும். மீதியெல்லாம் நான் படிக்கும் வளாகத்தைப் பற்றித்தான்.

ஆய்வுக்குச் சேர்ந்த முதல் ஆண்டு முழுக்க, காலை ஒன்பது மணிக்கு மேல் நான் தண்ணீர் குடித்ததில்லை. குடித்தால் கழிப்பறைக்குப் போக வேண்டும். எங்கள் துறையில் இருப்பதெல்லாம் குத்தவைத்து உட்காரும் கழிப்பறை. காலிப்பர் போட்ட கால் மடங்காது. தரைத்தளத்தில் சக்கர நாற்காலி படம் போட்ட கதவு ஒன்று உண்டு. அதில் எப்போதும் பூட்டு தொங்கும். மாலை ஐந்தரைக்கு விடுதிக்குப் போகும்வரை அடக்கிக்கொள்வேன். இரண்டு முறை சிறுநீர்த் தொற்று வந்தது. மருத்துவர் நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னார்.

கடைசியில் புகார் எழுதினேன். ஒரே வாரத்தில் அதிகாரி வந்து பூட்டைத் திறந்தார். உள்ளே துடைப்பங்கள், வாளிகள். கொடியில் மூன்று சேலைகள். ஜன்னல் திட்டில் டிபன் பாக்ஸ்கள். வளாகத்தைச் சுத்தம் செய்யும் ஒப்பந்தத் தொழிலாளர் அக்காக்களுக்கு உடை மாற்றவும் சாப்பிடவும் கிடைத்த ஒரே இடம் அந்தக் கழிப்பறைதான். கால் மணி நேரத்தில் அத்தனையும் வராண்டாவுக்கு வந்தன. சாவியை என் கையில் கொடுத்துவிட்டு, "இப்ப திருப்தியா?" என்று கேட்டார் அதிகாரி.

அன்று மதியம் அக்காக்கள் புங்கமரத்தடியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மன்னிப்புக் கேட்கப் போனேன். "நீ போம்மா, உனக்குத்தான் அவசரம். எங்களுக்குப் பழகிப்போச்சு" என்றார் ஒரு அக்கா. ஒரு வருடமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்த வார்த்தை அது.

யோசித்துப் பாருங்கள். கழிப்பறை கட்டித்தராத நிர்வாகமும் ஓய்வறை கட்டித்தராத நிர்வாகமும் ஒன்றுதான். ஆனால் சண்டை எனக்கும் அக்காவுக்கும் என்பதுபோல ஆக்கிவிட்டது. அந்த அக்காக்கள் அத்தனை பேரும் என் ஊர்ச் சேரியிலும் இருக்கக்கூடியவர்கள். என் அம்மாவும் அதே வேலை பார்த்தவர்தான். அதனால் அடுத்த மனுவில் இரண்டு கோரிக்கைகளைச் சேர்த்தே எழுதினோம். வேலை போய்விடும் என்பதால் அக்காக்களிடம் கையெழுத்து கேட்கவில்லை, மாணவர்கள் போட்டோம். நான்கு மாதம் கழித்து ஒரு பழைய அறையை ஒதுக்கினார்கள். மின்விசிறி இன்னும் வரவில்லை.

சட்டம் இல்லாமலா இருக்கிறது? மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் வந்தது. 21 வகை ஊனங்களை அங்கீகரித்தது. உயர்கல்வியில் 5 விழுக்காட்டுக்குக் குறையாத இடஒதுக்கீடு தந்தது. விதிகள் வெளியானதிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் இருக்கிற பொதுக் கட்டடங்களையெல்லாம் எல்லோரும் பயன்படுத்தும்படி மாற்ற வேண்டும் என்றது. விதிகள் வந்தது 2017 ஜூனில். கெடு 2022 ஜூனில் முடிந்தது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம், சட்டம் கட்டாயம் என்று சொல்வதை விதி வெறும் பரிந்துரையாகச் சுருக்கிவிட்டது, அது செல்லாது என்றது. மீறவே முடியாத குறைந்தபட்சத் தரங்களை மூன்று மாதத்தில் வகுக்கவும் உத்தரவிட்டது.

காகிதத்தில் கிடைத்த உரிமையைப் பற்றி நம்மைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்? பொதுக் குளங்கள் எல்லோருக்கும் என்று பம்பாய் சட்டமன்றம் 1923இல் தீர்மானம் போட்டது. சவ்தார் குளம் திறந்திருக்கிறது என்று மகாடு நகராட்சி 1924இல் சொன்னது. ஆனால், 1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோரோடு நடந்துபோய் அள்ளிக் குடிக்க வேண்டியிருந்தது. குடித்ததற்காக நம் மக்கள் அடி வாங்கினார்கள்.

சாதியும் ஊனமும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. ஊனம் எந்த வீட்டிலும் வரும். ஆனால் வசதியுள்ள ஆதிக்கசாதி வீட்டு மாணவருக்கு ஊனம் இருந்தால் கார் இருக்கும், உதவியாள் இருப்பார். முதல் தலைமுறையாகப் படிக்க வரும் தலித் மாணவருக்கு அந்தச் சாய்தளத்தை விட்டால் வேறு எதுவுமில்லை. இரண்டுக்கும் சொல்லப்பட்ட காரணம் மட்டும் ஒன்றே: முற்பிறவி வினை. எந்தப் பாவத்துக்கு எந்த உடற்குறை என்று மனுதர்மத்தின் 11ஆம் அத்தியாயம் பட்டியலே போடுகிறது. அதை எரித்த மரபில் வந்தவர்கள் நாம்.

அந்த மரபில் வந்த நாமும் கொஞ்சம் கண்ணாடி பார்க்க வேண்டும். இந்தக் கூட்டமே முதலில் இரண்டாவது மாடியில்தான் ஏற்பாடாகியிருந்தது. "தூக்கிட்டுப் போயிடலாம் தோழர்" என்றார்கள். அன்புதான், தெரியும். ஆனால் நான் மூட்டையல்ல. மூடநம்பிக்கையை எதிர்க்கும் நாமே அதைக் "குருட்டு நம்பிக்கை" என்கிறோம். காரணம் சரியில்லை என்றால் "நொண்டிச் சாக்கு" என்கிறோம். சாதிப் பெயரை வசவாகப் பயன்படுத்தினால் கொதிக்கிற நமக்கு இது ஏன் உறுத்தவில்லை?

"உங்களைப் போல எத்தனை பேர் இருக்கிறீர்கள்?" என்று கேட்கிறது நிர்வாகம். நுழைய முடியாத இடத்தில் எண்ணிக்கை எப்படி வரும்? இடஒதுக்கீட்டுக்கு எதிராக "தகுதியானவர்கள் கிடைக்கவில்லை" என்று சொன்ன அதே வாய்தான் இது.

நாம் கேட்பது சிக்கலானதல்ல. ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்ற கணக்கில், பின்பக்கமாக அல்லாமல் முன்வாசலிலேயே சாய்தளம். பூட்டில்லாத கழிப்பறை, ஒவ்வொரு கட்டடத்திலும். படமாக ஸ்கேன் செய்து போடாமல், பார்வையற்ற மாணவரின் கணினி வாசிக்கக்கூடிய எழுத்துருவில் பாடங்கள். காது கேளாதோருக்குச் சைகைமொழிபெயர்ப்பாளர். லிஃப்ட் இல்லாவிட்டால் வகுப்பைக் கீழே மாற்றும் பழக்கம். இவற்றோடு, தூய்மைப் பணியாளர்களுக்கு மின்விசிறியும் தண்ணீரும் உள்ள ஓய்வறை. இந்தக் கடைசிக் கோரிக்கையை மற்றவற்றிலிருந்து பிரிக்க விடாதீர்கள்.

நாளைக்கு உங்கள் துறையில் சக்கர நாற்காலி படம் போட்ட கதவு எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். பூட்டியிருந்தால் சாவி யாரிடம் என்று கேளுங்கள். திறந்ததும் உள்ளே யாருடைய சேலை தொங்குகிறது என்று பாருங்கள். அவரையும் சேர்த்துக்கொண்டு மனு எழுதுங்கள்.

இப்போது நான் கொஞ்சம் தண்ணீர் குடித்துக்கொள்கிறேன். இந்த அரங்கின் கழிப்பறையை வரும்போதே பார்த்துவிட்டேன், திறந்திருக்கிறது.