அலெக்சாந்திரியா: காணக் கிடைப்பனவும் காணாமற் போனவும்



வட்டத்தின் பத்தாண்டு நிறைவு விழாவில் தாம் கண்ட அயல்நாட்டு நகரம் ஒன்றைப் பற்றி ஒருவர் பேச வேண்டும் என்று செயலர் விரும்பினார். அப்பணி என்னிடம் வந்து சேர்ந்தது. நான் எடுத்துக்கொண்டிருப்பது எகிப்து நாட்டின் வடகடற்கரையில் உள்ள அலெக்சாந்திரியா. அங்கே நான்கு நாள்கள் தங்கியிருந்தேன். ஐம்பது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழும் ஒரு மாநகரை நான்கு நாள்களில் அறிந்துவிட்டதாகச் சொன்னால் அது பேதைமை. ஆகவே கண்டது பாதி, கற்றது பாதி எனக் கொண்டு கேட்க வேண்டுகிறேன்.

கெய்ரோவுக்குச் செல்பவர் பிரமிடுகளைக் கண்ணாரக் காணலாம். அலெக்சாந்திரியாவின் நிலை வேறு. கி.மு. 331-இல் அலெக்சாந்தர் நிறுவிய இந்நகரின் பெயரை உலகறியச் செய்தவை இரண்டு: ஒன்று கலங்கரை விளக்கம், மற்றொன்று நூலகம். இரண்டும் இன்று இல்லை. பேரறிஞர் வாழ்ந்த வீட்டைத் தேடிப் போய் வெற்று மனையைக் கண்டு திரும்பியதுபோல் பயணிகள் பலர் மனம் குறைபடுகின்றனர். தகடூர் யாத்திரையைச் சிதறிக் கிடைத்த பாடல்கள் வழியே மட்டும் அறிந்திருக்கும் நமக்கு அந்த மனக்குறை புதிதன்று.

முதலில் விளக்கத்தைப் பற்றி. கி.மு. மூன்றாம் நூற்றாண்டின் முற்பகுதியில், ஃபாரோஸ் என்னும் சிறு தீவில், நூறு மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தில் அது எழுந்தது. அத்தீவின் பெயரே பிரெஞ்சு, இத்தாலியம், ஸ்பானியம் ஆகிய மொழிகளில் கலங்கரை விளக்கத்துக்குப் பொதுப்பெயராயிற்று. அவர்கள் இடத்தின் பெயரைப் பொருளுக்கு இட்டார்கள். நம் முன்னோரோ தொழிலின் பெயரை இட்டார்கள். கரைதல் என்றால் அழைத்தல். கலத்தைக் கரையும் விளக்கம், கலங்கரை விளக்கம். பெரும்பாணாற்றுப்படையிலும் சிலப்பதிகாரத்திலும் இவ்விளக்கைக் கண்டவர்களுக்கு ஃபாரோஸ் அயலான காட்சியாய்த் தோன்றாது.

இவ்விளக்கத்தைப் பற்றிக் கி.பி. இரண்டாம் நூற்றாண்டு எழுத்தாளர் லூசியன் ஒரு கதை கூறுகிறார். அதை எழுப்பிய சோஸ்திராத்தோஸ் என்பவன் கல்லில் தன் பெயரைப் பொறித்து, அதன்மேல் காரை பூசி, காரையின்மேல் அரசன் பெயரை எழுதினானாம். காலப்போக்கில் காரை உதிரும், கல் நிற்கும் என்பது அவன் கணக்கு. வரலாறு எழுதுவோன் தன் காலத்துப் புகழுரையை நாடாமல் வருங்காலத்தை நோக்கி எழுத வேண்டும் என்பதற்கு லூசியன் இதனை எடுத்துக்காட்டுகிறார். அரசவைக் கவிஞர்கள் மிகுந்த மரபிலிருந்து வரும் நாம் இக்கதையைப் படிக்கையில் சற்றே நெளியத்தான் வேண்டும். ஆயினும் கதை அங்கே முடியவில்லை. காரைக்குப் பின் கல்லும் வீழ்ந்தது. நிலநடுக்கங்கள் பல வந்தன. 1303-இல் வந்தது பெருங்கேடு விளைவித்தது. 1326-இல் வந்தபோது உள்ளே நுழைந்து பார்த்த இபின் பதூதா, 1349-இல் திரும்பி வந்தபோது வாயிலை அணுகவும் இயலாதவாறு அது இடிந்துகிடக்கக் கண்டார். சோஸ்திராத்தோஸின் உபாயம் இன்று லூசியனின் ஏட்டில்தான் வாழ்கிறது.

அதே இடத்தில் 1477-இல் சுல்தான் கைத்பே ஒரு கோட்டை கட்டினார். வெண்ணிறமான அக்கோட்டையே இன்று பயணிகளுக்குக் காட்டப்படுவது. அதனடியில் கடலுக்குள் 1994 முதல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் மூழ்கித் தேடி, சிலைகளையும் பெருங்கற்பாளங்களையும் கண்டனர். அவற்றுள் சில விளக்கத்தின் கற்களே என்பது அவர்கள் துணிபு. கோட்டை மதிலின்மேல் நின்று பார்த்தேன். அலைதான் தெரிந்தது.

'பாம்பேயின் தூண்' என்று ஒன்றைக் காட்டுவார்கள். அதற்கும் பாம்பேக்கும் தொடர்பில்லை, கி.பி. 300-ஐ ஒட்டிப் பேரரசன் தியோக்கிளீசியனைச் சிறப்பிக்க நிறுத்தப்பட்ட செந்நிறக் கருங்கல் தூண் அது. கண்டு கடந்து செல்லலாம். அதற்கு அணித்தே உள்ள கோம் எல் ஷொக்காஃபா நிலவறைக் கல்லறைகளில் மட்டும் நின்று பாருங்கள். 1900-இல் ஒரு கழுதை குழியில் வீழ்ந்தமையால் அவ்விடம் வெளிப்பட்டது என்பர். தொல்லியலுக்குக் கழுதைகள் ஆற்றிய தொண்டு குறித்து யாரேனும் ஆய்வேடு எழுதலாம். உள்ளே, நாய்முகம் கொண்ட எகிப்தியத் தெய்வமாகிய அனூபிஸ் உரோமானியப் போர்வீரனின் கவசம் அணிந்து நிற்கிறான். எகிப்தியரின் மணிமுடி தரித்த தாடிப் பாம்பு கிரேக்கக் கடவுளரின் கோல்களைத் தாங்கியிருக்கிறது. மூன்று மரபுகள் ஒரே சுவரில் கலந்து கிடக்கின்றன. கலப்பு என்றாலே கெடுதல் என்று எண்ணுவோர் இச்சுவரின் முன் ஒரு நாழிகை நிற்பது நலம்.

என் தொழிலுக்கு உறவான ஓரிடத்தில் நான் நெடுநேரம் தங்கினேன். நகரின் நடுவே, கோம் எல் திக்கா என்னுமிடத்தில், 1960 முதல் போலந்து நாட்டு அறிஞர்கள் அகழ்ந்துவருகின்றனர். அங்கே சலவைக்கல் இருக்கைகள் கொண்ட சிறிய அரங்கம் ஒன்றுண்டு. பயணிகள் அதனோடு படம் பிடித்துக்கொண்டு திரும்பிவிடுகின்றனர். அதன் அருகே இருபது அளவிலான அறைகள் வரிசையாக உள்ளன. அவை விரிவுரை மண்டபங்கள் என்ற செய்தி 2004-இல் உலகறிய வெளிவந்தது. காலம் கி.பி. ஐந்து முதல் ஏழாம் நூற்றாண்டு வரை. சுவரை ஒட்டி லாட வடிவில் கற்படிகள். நடுவில் உயர்ந்ததோர் இருக்கை ஆசிரியருக்கு. சில அறைகளில் தரை நடுவே ஒரு கல், மாணவன் நின்று தன் பாடத்தைச் சொல்வதற்குரியதென ஆய்வாளர் கருதுவது. ஓர் அறையில் இருபது முப்பது பேர் அமரலாம். கணித மேதை ஹைப்பேஷியா இந்நகரில் கும்பல் ஒன்றால் கொலையுண்டது கி.பி. 415. அதற்குப் பின்னும் இருநூறு ஆண்டுகள் இங்கே பாடம் நடந்திருக்கிறது. அவளோடு அலெக்சாந்திரியாவின் கல்வியே மடிந்தது என்று எழுதுபவர்கள் இப்படிகளைக் கண்டிருக்க மாட்டார்கள்.

இனி நூலகம். அதைச் சீசரின் படை கி.மு. 48-இல் எரித்தது என்பர் ஒரு சாரார், கி.பி. 391-இல் செராபிஸ் கோயிலை இடித்த கிறித்தவர்கள் என்பர் மற்றொரு சாரார்; ஏழாம் நூற்றாண்டில் வந்த அரபியர் என்பர் வேறு சிலர். கடைசியாகச் சொன்ன கதை நிகழ்ச்சிக்குப் பல நூற்றாண்டுகளுக்குப் பின்னரே ஏடேறியது. அறிஞர் பெரும்பாலோர் அதனை ஏற்பதில்லை. நான் கருதுவது, நெருப்பினும் கொடியது அசட்டை என்பது. பாப்பிரஸ் சுருள் ஈரக் காற்றில் நெடுங்காலம் நில்லாது. படியெடுத்துக்கொண்டே இருந்தால்தான் நூல் வாழும். பனையோலையும் அவ்வாறே என்பதை உ.வே. சாமிநாதையரின் அலைச்சலை அறிந்த இந்த அவைக்கு விளக்க வேண்டியதில்லை. அந்நூலகத்து நூல்களுக்கு 120 சுருள்களில் அட்டவணை வகுத்த கல்லிமாக்கஸ் ஒரு கவிஞர். கவிஞர்கள் அட்டவணை இடுவதை இழிவாக எண்ணாத காலம் அது.

நமக்கு நேர்த் தொடர்புடைய ஓர் ஏடு மட்டும் தப்பியிருக்கிறது. அது கவிதையன்று, கடன் பத்திரம். இன்று வியன்னாவில் உள்ள, 1985-இல் பதிப்பிக்கப்பெற்ற, கி.பி. இரண்டாம் நூற்றாண்டுப் பாப்பிரஸ் அது. முசிறியின் பெயர் அதில் வருகிறது. சரக்கைச் செங்கடற்கரையிலிருந்து ஒட்டகத்தில் ஏற்றிப் பாலைவனம் கடந்து, நைல் ஆற்றில் படகேற்றி, அலெக்சாந்திரியாவின் அரசுப் பண்டகசாலையில் சேர்த்து, நான்கில் ஒரு பங்கைச் சுங்கமாகச் செலுத்த வேண்டும் என்பது ஏற்பாடு. மறுபுறத்தில் 'ஹெர்மப்பொல்லோன்' என்னும் கப்பலில் வந்த கங்கைச் சடாமாஞ்சியும் யானைத் தந்தமும் விலையிடப்பட்டுள்ளன. கப்பலின் பெயர் நிற்கிறது. கடன் கொடுத்தவன் பெயரும் வாங்கியவன் பெயரும் ஏட்டின் முற்பகுதியோடு போயின. யவனர் கலம் பொன்னொடு வந்து கறியொடு மீளும் காட்சியை அகநானூற்றின் 149-ஆம் பாட்டு காட்டுகிறது. அக்கறி போய் இறங்கிய கரையில் நின்றபோது எனக்குப் பெருமிதம் எழுந்தது உண்மை. ஆயினும் அதனை அளவோடு கொள்ள விரும்புகிறேன். அலெக்சாந்திரியர் வேடிக்கை விளையாட்டில் மூழ்கிக் கிடப்பதைக் கடிந்து அந்நகர் அவையிலேயே பேசிய தியோன் என்னும் நாவலர், தம்முன் இருப்போருள் இந்தியர் சிலரும் உண்டு என்கிறார். அவர்கள் தமிழரா என்பதை அவர் சொல்லவில்லை. நாம் அவருக்காகச் சொல்லிவிடக் கூடாது.

பழைய நூலகம் இருந்த கடற்கரைப் பகுதியிலேயே 2002-இல் புதிய நூலகம் திறக்கப்பெற்றது. கடலை நோக்கிச் சாய்ந்த, 160 மீட்டர் குறுக்களவுள்ள வட்டக் கட்டடம். புறச்சுவரில் உலகின் ஏறத்தாழ 120 எழுத்துமுறைகளின் வடிவங்கள் செதுக்கப்பட்டுள்ளன. கட்டடத்தைவிட என்னைக் கவர்ந்தது 2011 சனவரி நிகழ்ச்சி. கிளர்ச்சியின்போது காவலர் அகன்றுவிட, நகரத்து இளைஞர்கள் கைகோத்துச் சுற்றி நின்று அந்நூலகத்தைக் காத்தனர்.

இறுதியாக, கவிஞர்களாகிய நீங்கள் தவறாது செல்ல வேண்டிய ஒரு வீடு. கிரேக்க மொழிக் கவிஞர் கவாஃபி 1907 முதல் 1933-இல் இறக்கும்வரை வாழ்ந்த மாடிக் குடியிருப்பு அது, 1992-இல் நினைவில்லமாயிற்று, புதுப்பிக்கப்பெற்று 2024-இல் மீண்டும் திறக்கப்பட்டது. முப்பது ஆண்டுகள் பாசனத் துறை அலுவலகத்தில் எழுத்தராய் இருந்தவர் அவர். வாழ்நாளில் விலைக்கு ஒரு முழுத்தொகுப்பும் வெளியிடவில்லை. பாடல்களைத் தனித்தாள்களில் அச்சிட்டு, தாமே கோத்து, நண்பர்களுக்கு மட்டும் அளித்தார். அளித்த பின்னும் திருத்தினார். அவர் தம்முடையன என ஏற்றுக்கொண்ட பாடல்கள் 154. கவியரங்கம் முடிந்த மாலையே அச்சகத்துக்கு ஓடும் நம் அவசரத்தோடு இதனை ஒப்பிட்டுப் பார்க்க நான் சொல்லவில்லை, நீங்களே பார்த்துக்கொள்வீர்கள். முதல் உலகப்போர்க் காலத்தில் அங்கே செஞ்சிலுவைப் பணியில் இருந்த ஆங்கில நாவலாசிரியர் ஃபார்ஸ்டர் அவரது பெருமையை உணர்ந்து தம் மொழியினருக்கு அறிமுகம் செய்தார். ஃபார்ஸ்டர் 1922-இல் வெளியிட்ட அந்நகரின் வழிகாட்டி நூல் இன்றும் படிக்கத் தக்கது.

கவாஃபி பிறந்ததும் இறந்ததும் ஏப்ரல் 29. தொண்டைப் புற்றால் குரலிழந்திருந்த அவர், கடைசியாக ஒரு தாளில் வட்டம் ஒன்று வரைந்து, அதன் நடுவே ஒரு புள்ளி இட்டார் என்று சொல்வார்கள். மாடிப்படி செங்குத்தானது, மூத்த உறுப்பினர்கள் நிதானமாக ஏறவேண்டும்.