பிள்ளை படிக்கும் கலமும் நாம் பறிக்கும் கொழுந்தும்

(பெற்றோர் கூட்டம் ஒன்றில் விஞ்ஞான ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



மலையிலிருந்து இறங்கி, கொழுந்து நிறுத்துவிட்டு, வீட்டுக்குப் போய் அடுப்பு மூட்ட வேண்டிய நேரத்தில் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். அதனால் அதிகம் நீட்டாமல் சொல்கிறேன்.

நானும் லயத்தில் பிறந்தவன்தான். என் அம்மா கொழுந்து எடுத்தவர். ஒருநாள் ராத்திரி குப்பி விளக்குக்குப் பக்கத்தில் இருந்து, "கலம்னா என்னாம்மா?" என்று கேட்டேன். புத்தகத்தில் இருந்தது எனக்கு விளங்கவில்லை. அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எனக்கு என்னா சாமி தெரியும்? நா படிச்சவளா?" என்றார். அவர் முகம் வாடிப்போனதைப் பார்த்து, அதற்குப் பிறகு நான் படிப்பைப் பற்றி அவரிடம் எதுவுமே கேட்கவில்லை. அது என் பிழை. அம்மாவுக்குக் கலத்தைப் பற்றி நிறையத் தெரிந்திருந்தது என்பது, நான் ஆசிரியரான பிறகுதான் எனக்கு விளங்கியது. அதைச் சொல்லத்தான் இன்றைக்கு வந்திருக்கிறேன்.

1665ஆம் ஆண்டு இங்கிலாந்தில் றொபேட் ஹூக் என்பவர் ஒரு தக்கையை மெல்லிசாகச் சீவி, நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்தார். சின்னச் சின்ன அறைகள் வரிசை வரிசையாகத் தெரிந்தன. அதற்கு அவர் "சிறிய அறை" என்று அர்த்தம் வரும் பெயரை வைத்தார். அதைத்தான் நாம் தமிழில் கலம் என்கிறோம். நம்ம பாஷையில் சொன்னால், காம்பரா! அவர் பார்த்தது செத்துப்போன கலங்களின் சுவரை மட்டும்தான். ஆள் காலி பண்ணிப் போன லயம் மாதிரி. உயிருள்ள கலத்துக்குள் எவ்வளவோ வேலை நடக்கிறது.

ஒரு கொழுந்து இலையை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குள் பல அடுக்கு லயம் இருக்கிறது. ஒவ்வொரு காம்பராவும் அவ்வளவு சின்னது. ஒரு மில்லிமீற்றர் நீளத்துக்குள் 20, 30 காம்பராவை வரிசையாக வைக்கலாம்.

வெளியே கல்லுச்சுவர் மாதிரி நிற்பது கலச்சுவர். செடிகொடிக்கு இது உண்டு. நமக்கும் ஆடு மாட்டுக்கும் இல்லை. சுவரை ஒட்டி உள்ளே இருப்பது கலமென்சவ்வு. இது கேட்டில் நிற்கும் காவல்காரர் மாதிரி, எதை உள்ளே விடலாம், எதை வெளியே அனுப்பலாம் என்று பார்க்கும்.

உள்ளே இருப்பது கரு. இதைத் தோட்டத்து ஆபீஸ் என்று பிள்ளைக்குச் சொல்லுங்கள். ஆபீஸில் ஒரு பெரிய புத்தகம் இருக்கிறது. அது வெளியே போகாது. தேவையான பக்கத்தை மட்டும் ஒரு துண்டில் எழுதி வெளியே அனுப்புவார்கள். அந்தத் துண்டைப் பார்த்து வேலை செய்கிறவைதான் றைபோசோம்கள். அவை செய்வது புரதம். செய்த சாமானைத் தரம் பிரித்து, பெட்டி கட்டி, போக வேண்டிய இடத்துக்கு அனுப்புவது கொல்கி உடல். நம்ம ஸ்டோரில் தூளைச் சலித்துப் பெட்டி கட்டுகிற இடம் மாதிரி.

பச்சையவுருமணி என்பது இலையின் சமையல்கட்டு. வெயிலை நெருப்பாக வைத்துக்கொண்டு, தண்ணீரையும் காற்றில் உள்ள கரியமில வாயுவையும் சேர்த்து, அங்கே சாப்பாடு தயாராகிறது. புன்வெற்றிடம் என்பது தண்ணீர்ப் பீப்பா. அது நிறைந்திருந்தால் இலை விறைப்பாக நிற்கும், குறைந்தால் வாடும்.

இழைமணியைப் பிள்ளைகள் "கலத்தின் சக்தி நிலையம்" என்று மனப்பாடம் பண்ணி வைத்திருப்பார்கள். நம்ம பிள்ளைகளுக்கு லக்ஷபான மின்சார நிலையம் தெரியும். ஆனால் அங்கே தண்ணீர் விழுகிற வேகத்தில் மின்சாரம் எடுக்கிறார்கள். இழைமணியோ நாம் சாப்பிட்ட சோற்றின் சத்தையும் மூச்சுக்காற்றையும் சேர்த்துச் சக்தி எடுக்கிறது. அதனால் வீட்டு அடுப்புதான் இதற்குக் கிட்டத்து உதாரணம். ஆனால் அடுப்பு மாதிரி அங்கே நெருப்பு எரியாது; படிப்படியாகச் சக்தி வெளிவரும்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். உதாரணம் என்பது ஊன்றுகோல். நடக்க உதவும், அதுவே கால் ஆகாது. காவல்காரருக்குக் கண் இருக்கிறது, மென்சவ்வுக்கு இல்லை. ஆபீஸில் துரை இருப்பார், கருவுக்குள் துரை என்று ஒருவரும் கிடையாது. "இது எதில் ஒத்துப்போகுது, எதில் ஒத்துப்போகல?" என்று பிள்ளையிடம் கேளுங்கள். அதைச் சொல்லத் தெரிந்த பிள்ளைக்குப் பாடம் விளங்கிவிட்டது என்று அர்த்தம். பரீட்சைத் தாளில் மட்டும் "ஆபீஸ்" என்று எழுத வேண்டாம். கரு என்றே எழுத வேண்டும்.

இனி என் அம்மாவுக்குத் தெரிந்திருந்த விஷயத்துக்கு வருகிறேன்.

பச்சைக் கொழுந்தில் நூற்றுக்கு 75 பங்குக்கு மேல் தண்ணீர்தான். ஸ்டோரில் அதை முதலில் வாட்டப்போடுகிறார்கள். அப்போது பீப்பாக்களில் உள்ள தண்ணீர் குறைகிறது. வாடாத இலையை ரோலரில் போட்டால் நொறுங்கிப்போகும். வாடிய இலைதான் சுருளும். உருட்டும்போது என்ன நடக்கிறது? கோடிக்கணக்கான காம்பராக்கள் உடைகின்றன. புன்வெற்றிடத்துக்குள் அடைபட்டிருந்த துவர்ப்புச் சாறும், அதற்கு வெளியே இருந்த நொதியமும் ஒன்றோடொன்று கலக்கின்றன. காற்றும் சேருகிறது. பச்சை இலை செம்பு நிறமாகிறது, வாசம் வருகிறது. பிறகு சூட்டில் போட்டதும் நொதியத்தின் வேலை நின்றுவிடும். பச்சைத் தேயிலைக்கு முதலிலேயே ஆவி காட்டி நொதியத்தைக் கெடுத்துவிடுவதால்தான் அது நிறம் மாறுவதில்லை.

கூடையில் கொழுந்தை அமுக்கி வைத்தால் சிவந்துபோகும், கணக்கப்பிள்ளை ஏசுவார் என்று உங்களுக்குத் தெரியுமே! அமுங்கிய இடத்தில் கலம் உடைகிறது. அதே வேலை நேரம் தப்பி நடக்கிறது. அம்மா இதைக் கையால் தெரிந்து வைத்திருந்தார். நான் புத்தகத்தில் படித்தேன். இரண்டையும் சேர்த்துப் பேச எங்கள் ரெண்டு பேருக்கும் தெரியாமல் போனது.

வீட்டில் ஒன்று செய்து பாருங்கள். ஒரு உருளைக்கிழங்கில் விரல் போல நீளமாக இரண்டு துண்டு வெட்டுங்கள். ஒன்றை வெறும் தண்ணீரிலும், மற்றதை இரண்டு கரண்டி உப்புக் கரைத்த தண்ணீரிலும் போடுங்கள். இரண்டு மணித்தியாலம் கழித்து வளைத்துப் பாருங்கள். உப்புத் தண்ணீரில் கிடந்தது துவண்டு போயிருக்கும். உப்பு, கலத்துக்குள் இருந்த தண்ணீரை வெளியே இழுத்துவிட்டது. பிள்ளையைக் காரணம் சொல்லச் சொல்லுங்கள்.

இன்னொரு விஷயம் தாய்மாருக்கு. நம் இரத்தத்தில் உள்ள செங்குருதிக் கலத்துக்குக் கருவும் இல்லை, இழைமணியும் இல்லை. ஆபீஸும் அடுப்பும் இல்லாத காம்பரா. முழு இடத்தையும் மூச்சுக்காற்றைச் சுமக்கவே ஒதுக்கி வைத்திருக்கிறது. ஏறத்தாழ 120 நாள் வேலை செய்துவிட்டு அழிந்துபோகும். புதுக் கலம் உண்டாக இரும்புச்சத்து வேண்டும். அது குறைந்தால் மலை ஏறும்போது மூச்சு வாங்கும், தலை சுற்றும். கீரை, பருப்பு, முடிந்தபோது மீன், நெத்தலி, முட்டை சேர்த்துக்கொள்ளுங்கள். கீரையோடு கொஞ்சம் தேசிக்காய் பிழிந்தால் சத்து உடம்பில் நன்றாகச் சேரும். சோற்றோடு சேர்த்துத் தேத்தண்ணி குடிக்காதீர்கள். அது இரும்புச்சத்து சேருவதைக் குறைக்கும். ஒரு மணித்தியாலம் கழித்துக் குடியுங்கள். தலைசுற்றல் விடாமல் இருந்தால் டாக்டரிடம் இரத்தம் சோதித்துப் பாருங்கள்.

கடைசியாக ஒரே ஒரு வேண்டுகோள். சாதாரணதரப் பரீட்சைக்கு விஞ்ஞானம் தேவை. விளங்காமல் மனப்பாடம் பண்ணுகிற பிள்ளை பாதியில் களைத்துப் போகிறது. "நமக்கு விஞ்ஞானம் வராது" என்று பேரை வெட்டிக்கொண்டு வேலைக்குப் போகிற பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். இன்றைக்கு ராத்திரி உங்கள் பிள்ளை புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தால், "எனக்குத் தெரியாது" என்று சொல்லி அனுப்பிவிடாதீர்கள். "எனக்குச் சொல்லிக்கொடு, கேட்கிறேன்" என்று உட்காருங்கள். பிறகு கொழுந்து ஏன் வாடுது, ஏன் சிவக்குது என்று நீங்கள் சொல்லிக்கொடுங்கள். பிள்ளை கேட்கும். நான் கேட்காமல் விட்டதை உங்கள் பிள்ளைகள் கேட்கட்டும்.