துரு தொடங்கும் எல்லை

(மண்டபத்தில் மாணவரிடை நிகழ்த்திய பொழிவு)

 

இவ்வூரில் வீட்டுப் பூட்டும் நெடுநாள் நிலைப்பதில்லை. படகின் ஆணியும் நிலைப்பதில்லை. 1914இல் திறக்கப்பெற்று 2022 இறுதிவரை தொடர்வண்டிகளைத் தாங்கிய பழைய பாம்பன் பாலத்தை 1964ஆம் ஆண்டுப் புயல் ஓரிரவு தாக்கியது. உப்புக்காற்றோ ஒவ்வொரு நொடியும் தாக்கியது. காரைக்குடி நடுவண் மின்வேதியியல் ஆய்வகத்தார் இம் மண்டபத்திலேயே மாழைத் தகடுகளைக் கடற்காற்றில் நிறுத்தி, அவை அரிபடும் அளவை ஆய்ந்ததும் அதனாலன்றோ!

துரு எங்குத் தொடங்குகிறது? இரும்பும் ஈரமும் தொடும் எல்லையில் தொடங்குகிறது. சில மூலக்கூறுகளின் தடிப்பே உடைய அவ்வெல்லையைக் காண்பது எங்ஙனம்? வழக்கமான முறையில் ஒளியைப் பாய்ச்சினால், உள்ளிருக்கும் எண்ணிறந்த மூலக்கூறுகளின் இரைச்சலில் எல்லையின் மெல்லிய குரல் அமிழ்ந்துபோகும்.

இங்கே கைகொடுப்பது நேரியலா ஒளியியல். ஒளியை இருமடங்காக்க விளைவும் இருமடங்காயின் அது நேரியல், நான்மடங்காயின் நேரியலாதது. 1961இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்துப் பிராங்கன் குழுவினர், இலேசர் எனப்படும் சீரொளியைச் சிவப்பு நிறத்தில் படிகக்கல்லுள் பாய்ச்சினர். அலைநீளம் சரிபாதியான புறஊதா ஒளி வெளிப்பட்டது. அதைக் காட்டிய சிறுபுள்ளியை அழுக்கென்றெண்ணி அச்சிட்டோர் நீக்கிவிட்டனராம்!

இரும்பின் உள்ளும் நீரின் உள்ளும், ஒருபுறம் எழும் இத்தகைய துடிப்பை எதிர்ப்புறத் துடிப்பு அழித்துவிடும். எல்லையிலோ ஒருபுறம் இரும்பு, மறுபுறம் நீர். ஈடாக நின்று அழிப்பார் இல்லை. ஆகவே புத்தொளி பெரிதும் எல்லையிலிருந்தே வருகிறது. 1987இல் கலிபோர்னியாவில் சென் குழுவினர் அகச்சிவப்பொளியையும் கண்ணுக்குப் புலனாகும் ஒளியையும் கூட்டி, எல்லையில் நிற்கும் மூலக்கூறு இன்னதென்றே கண்டறிந்தனர். நீரின் மேற்புற மூலக்கூறுகளில் ஐந்திலொரு பங்குக்கும் மேற்பட்டவை ஒரு கையைக் காற்றில் நீட்டி நிற்கின்றன என்பது 1993இல் இம்முறையால் விளங்கிற்று.

தோழர்களே! இவ்வளவையும் தமிழிலேயே சொன்னேன். எவர்க்கேனும் விளங்காதிருந்ததா? தந்தையின் படகில் நாள்தோறும் துருவைச் சுரண்டும் பிள்ளை, அத் துருவின் அறிவியலைத் தன் தாய்மொழியில் கற்க நூல் இல்லையென்றால், அக் குறை தமிழினுடையதா? எழுதாத நம்முடையதே!

மொழிக்கும் எல்லையில்தான் துரு. கடைப்பலகை, பள்ளி, ஆய்வகம் என அயன்மொழி வந்து தொடும் இடத்தில் தொடங்கி உட்புறம் அரிக்கிறது. இரும்புக்குப் பூச்சிட அறிந்த நாம் மொழிக்குக் காப்பிட மறக்கலாமா? அறிவியல் கற்போர் ஒவ்வொருவரும் தாம் கற்றதில் ஒன்றையேனும் தமிழில் எழுதுக! கலைச்சொல் இல்லையெனில் ஆக்குக! அதுவே காப்பு.

வெல்க தமிழ்!